ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு பெண் வேலைக்குப் போகிறாள் என்றால், "என்ன சம்பளம்?" என்று கேட்பதற்கு முன்பே "எத்தனை ஷிப்ட்?" என்று கேட்பார்கள். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. கப்பலேற வேண்டிய சரக்கு பாக்கியிருந்தால் விடிய விடிய வேலை. ஊரே இந்தக் கணக்கில்தான் மூச்சு விடுகிறது. சனிக்கிழமை மாலை சம்பளத்தை வாங்கிக்கொண்டு கடைவீதிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், இங்கே சும்மா இருப்பவர் ஒருவரும் இல்லையோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் நாலரை மாதம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவது என்றால்? அதுவும், ஏன் வீட்டோடு இருந்தாள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்றால்?

என் சித்தியின் பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன். அவளுடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்றாதீங்க அக்கா" என்பது நிபந்தனை.

பி.காம். படித்தவள். பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் உத்தியோகம். வெளிநாட்டு வியாபாரி இன்ன நிறம், இன்ன அளவு, இன்ன தேதிக்குள் என்று எழுதுவார். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல் என்று நாலு இடத்தையும் விரட்டி, அந்தத் தேதிக்குள் சரக்கைப் பெட்டியில் ஏற்றுவது இவள் பொறுப்பு. ஐப்பசியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மூன்று வாரம் நாளுக்கு நாலு மணி நேரத் தூக்கம். அதன் பிறகு அதுவும் போயிற்று.

வரும் கடிதங்களில் உள்ள நிற எண்களெல்லாம் தன்னைப் பற்றிய ரகசியச் சேதி என்று சொல்ல ஆரம்பித்தாள். இரவில் இரண்டு ஆண்கள் அவளைப் பற்றி விமரிசித்துப் பேசுவது காதில் கேட்டது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். சித்தி வழக்கப்படி கோவிலுக்குப் போனாள், மந்திரித்தாள், கயிறு கட்டினாள். பத்து நாள் போனதும், அடுத்த வீட்டு நர்ஸ் அம்மாள்தான் கோவைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அந்தப் புண்ணியவதிக்கு என் நமஸ்காரம்.

டாக்டர் அம்மாள் 'சைக்கோசிஸ்' என்றார். நிஜத்துக்கும் பிரமைக்கும் நடுவிலுள்ள வேலி சாய்ந்துபோகும் நிலை அது. மனச்சிதைவின் ஆரம்பமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் தடவைதான் என்பதால் நிரந்தரப் பெயர் சூட்ட அவசரம் வேண்டாம் என்றார். பருவ வயதிலிருந்து முப்பதுக்குள், படிப்பும் உத்தியோகமும் அமைகிற வேளையில்தான், பெரும்பாலும் இது முதலில் தலைகாட்டுகிறதாம். மாத்திரை வேலை செய்தது. ஆறே வாரத்தில் குரல்கள் ஓய்ந்தன.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நிஜமான சங்கடம் அதற்குப் பிறகுதான்.

"கெட்ட கனாக் கண்டம்னு மறந்துர்லாம் கண்ணு. ஒரு கல்யாணத்தப் பண்ணிப்போட்டா எல்லாம் செரியாப் போயிரும்" என்றாள் சித்தி. "வேலைதானே அவளை இந்தப் பாடு படுத்திச்சு? இனி அந்தப் பக்கமே வேண்டாம்" என்றார் சித்தப்பா. அவளோ, "நான் வேலைக்குப் போகோணும்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மத்தியஸ்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரி அல்லவா, எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு!

தெரிந்ததைச் சொன்னேன். கீழ்ப்பாக்கம் அரசாங்க மனநல மருத்துவமனைக்கு 1961-ல் கண்காணிப்பாளராக வந்தவர் டாக்டர் சாரதா மேனன். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. உள்ளே கிடப்பவர்களுக்கு மருந்து மட்டும் போதாது, கைக்கு வேலையும் வேண்டும் என்று வற்புறுத்தியவர். அங்கே நோயாளிகள் சுட்ட ரொட்டியைப் பார்த்தவர்கள் சென்னையில் ஏராளம். ஓய்வு பெற்ற பிறகு, 1984-ல், 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021-ல், தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார். 1981-ல் சென்னையில், முதன்முறை இந்நோய் கண்ட 90 பேரைக் குறித்துக்கொண்டு, அவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆண்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தார்கள்.

"பொம்பளைங்க?" என்று கேட்டாள் அவள். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு வேலை என்றால் வீட்டு வேலை; கணவன் வீட்டார் திருப்பி அனுப்பினால் பிறந்தகம். இன்றைய திருப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது என்று நான் வாதாடினேன்.

முதலில் நன்றாகத் தேறட்டும், அப்புறம் பயிற்சி, அப்புறம் வேலை என்பது பழைய முறை. அமெரிக்காவில் 1990-களில் இதைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். விரும்புகிறவரைச் சாதாரண வேலையிலேயே சேர்த்துவிட்டு, பக்கத்தில் நின்று உதவி செய்வது. அதுதான் மேலாகப் பலித்தது. கணித மேதை ஜான் நாஷ் 1959-ல் இத்தகைய நோயில் விழுந்தார். பல வருஷம் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் நடைப்பிணமாக உலாவினார். 'போ' என்று யாரும் விரட்டவில்லை. 1994-ல் நோபல் பரிசு! சித்தப்பாவுக்கு நோபல் பரிசில் ஆர்வமில்லை. "தூக்கம் கெடாத வேலையா இருந்தாப் பார்க்கலாம்" என்றார். டாக்டர் அம்மாளும் அதையேதான் சொன்னார். வேலைக்குப் போகட்டும், ஒன்றரை ஷிப்ட் கூடாது. மாத்திரையை ஒன்றிரண்டு வருஷமாவது தம் யோசனை இல்லாமல் நிறுத்தக் கூடாது.

பழைய கம்பெனியில் இடம் நிரம்பிவிட்டது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகமாக இருந்தால், பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்தவரை அதற்காக நீக்கக் கூடாது என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் சொல்கிறது. மனநோயும் அதன் பட்டியலில் உண்டு. பனியன் கம்பெனியிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா?

பங்குனியில், ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சிறிய ஜாப்ஒர்க் யூனிட்டில் செக்கிங் மேஜைக்குப் போனாள். தைத்த பனியனைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை இருந்தால் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். பட்டதாரிக்கு இது கீழ்ப்படிதான். சித்தி அழுதாள். அவள் மட்டும், "தப்பு எங்கிருக்குன்னு கண்ணு முன்னால தெரியுது அக்கா. யோசிச்சு யோசிச்சுத் தேடவேண்டியதில்ல" என்றாள்.

சேரும்போதே "ஒரு ஷிப்ட்டுதானுங்க" என்று சொல்லிவிட்டாள். "எல்லாரும் ஒன்றரை பார்க்கிறப்ப நீ மட்டும் அஞ்சரைக்கு எந்திரிச்சா எப்படி அம்மிணி?" என்றார் முதலாளி. வீட்டில் மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவள் அதைச் சொல்லவில்லை. "ராத்திரி மாத்திரை சாப்பிடறனுங்க. நேரத்துக்குத் தூங்கோணும்" என்றாள். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. தமக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதைச் சொன்னார். எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவளுடைய இஷ்டம். நோயாளியின் விவரத்தை வெளியாரிடம் சொல்லாமல் காப்பது ஆஸ்பத்திரியின் கடமை என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்கிறது.

காலையில்தான் கஷ்டம். மாத்திரையின் மந்தம் பத்து மணி வரை கண்ணை இழுக்கும். வேன் வருவதோ ஏழே முக்காலுக்கு. டாக்டரிடம் கேட்டு, இரவு பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டாள். பாதிச் சிரமம் குறைந்தது. உடம்பும் ஊதிவிட்டது, பழைய சுடிதார் ஒன்றும் பிடிக்கவில்லை. இதைப் பற்றிக் கேட்கவே அவளுக்குக் கூச்சம். சகோதரிகளே, கேட்க வேண்டும்! மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ டாக்டரால் முடியும். கூச்சப்பட்டுத் தாமாகவே நிறுத்திவிட்டு மறுபடி விழுந்தவர்கள்தான் அதிகம். 2022 முதல் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாக யோசனை சொல்கிறார்கள்.

இன்னொன்று சொன்னாள், எனக்கு மெய் சிலிர்த்தது. ஓவர்லாக் மிஷின்கள் ஓடும் இரைச்சலில், சில நாள் யாரோ தன் பெயரைக் கூப்பிடுவது போலிருக்குமாம். உடனே எதிர் மேஜை அக்காவைப் பார்ப்பாளாம். அவள் தலை நிமிர்ந்தால் நிஜமாகவே யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். நிமிராவிட்டால் மிஷின்தான். அந்த அக்காவுக்கு இந்த உத்தியோகம் தனக்கு இருப்பதே தெரியாது!

ஆடியில் முதலாளியின் கணக்குப் பிள்ளை நின்றுவிட்டார். "படிச்ச புள்ளைதானே, ஆபீஸ்ல உக்காரு" என்றார். மறுபடியும் அதே கடிதங்கள், அதே நிற எண்கள். முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னால் கை நடுங்கியதாம். ஒரு கடிதத்தைத் திறந்தாள். எண் இருந்தது. நிற அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள்.

இப்போது ஆபீஸ் வேலைதான். ஒரே ஷிப்ட். அரை ஷிப்ட் சம்பளம் தினமும் நஷ்டம் என்று சித்தப்பா அவ்வப்போது முனகுவார், முனகட்டும்.

டாக்டர் அம்மாள் சொல்லி, ஒரு தாளில் தன் அபாய அறிகுறிகளைத் தானே எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு இரவு தூக்கம் வராவிட்டால், சாப்பாட்டில் சந்தேகம் வந்தால், எண்களைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தால், இன்ன ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துப் போங்கள் என்று. ஒரு பிரதி சித்தியிடம், ஒன்று என்னிடம். மூன்றாவது பிரதி கைப்பைக்குள் இருக்கிறது. காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. "வாயைத் திறக்காதே" என்கிறாள் சித்தி. "பையன்கிட்ட மொதல்ல இந்தத் தாளைக் குடுப்பேன். அப்புறந்தான் காப்பி" என்கிறாள் இவள். நான் இவள் கட்சி. சித்தி என்னுடன் நாலு நாளாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.