மாமாவின் லைக்கா

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் மாமா வைத்திருந்த ஸ்டுடியோவைப் பங்குனிக்குள் காலி செய்துகொடுக்க வேண்டும். கட்டடக்காரர் நல்ல மனிதர். மாமா போய் ஓராண்டாகியும் வாடகை என்று வாய் திறக்கவில்லை. அதற்கு மேல் அவரைச் சோதிக்கக் கூடாது என்று அத்தையே சொல்லிவிட்டார். பின்னணித் திரை, நாற்காலி, குடை விளக்கு எல்லாம் போனபின் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அது என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் இன்னும் ஃபிலிம் போட்டுப் படமெடுக்கும் பைத்தியக்காரன் நான் ஒருவன்தான்.

“மத்ததை நீ என்ன வேணாலும் பண்ணிக்கப்பா. லைக்காவை மட்டும் நல்ல விலை பார்த்து வித்துக் குடு. லட்ச ரூபா போகும்னு உங்க மாமா சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார் அத்தை. முட்டி அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லட்சம் என்று அவர் சொன்னது ஆசையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான்.

சென்னைக்குக் கொண்டுவந்து கூடத்தில் செய்தித்தாள் விரித்துக் கடைபரப்பினேன். ரசகற்பூரமும் பழைய ஹைப்போவும் கலந்த வாடை வீடு முழுக்க.

முதலில் வந்தது யாஷிகா மேட் 124ஜி. மேலும் கீழுமாக இரண்டு கண். மூடியைத் திறந்து மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்டுடியோக்காரர்கள் பலருக்குச் சோறு போட்டது இதுதான். ஒரு விநாடியில் வைத்து அழுத்தினேன். ‘ட்ர்ர்ர்’ என்று இழுத்துப் பொறுமையாக ‘டக்’ என்றது. கடிகாரம் போல. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸில் பூஞ்சை இல்லை. உள்ளிருக்கும் ஒளிமானி செத்துப்போயிருந்தது. அதற்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, மாமாவும் அதை என்றைக்கும் பார்த்ததில்லை. வானத்தைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், வைப்பார். அடுத்தது பென்டாக்ஸ் கே1000. நன்றாக இருந்தது, பின்கதவின் ஓரத்துப் பஞ்சு மட்டும் தாராக உருகிக் கையில் ஒட்டியது. பிறகு ஓர் அக்ஃபா க்ளிக் III, பரோடாவில் தயாரான தகரப் பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். இதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். பெட்டியின் அடியில் பிரிக்காத ‘இந்து’ ஃபிலிம் இரண்டு டப்பா. ஊட்டியில் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு. தொழிற்சாலையே மூடிப்போயிற்று. டப்பாவை முகர்ந்துவிட்டு ஓரமாக வைத்தேன்.

பெட்டிக்குள் அடங்காமல் போர்வையில் சுற்றி வந்தது வாகீஸ்வரி. ஆலப்புழையில் செய்த மரக் காமிரா. அதைச் செய்தது இசைக்கருவி பழுதுபார்த்துவந்த குடும்பம் என்பார்கள். ஆர்மோனியத்தின் துருத்திக்கும் காமிராவின் துருத்திக்கும் மடிப்பு வேலை ஒன்றுதானே! மாமாவுடையதில் துருத்தியை எலி கடித்திருந்தது.

கடைசியாக லைக்காவை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, உள்ளே தள்ளி மடக்கும் லென்ஸ். இது ஒரு ஜெர்மன் துரை கொடுத்தது என்பது எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது சொன்ன கதை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு ராட்சத இயந்திரம் பூட்டவந்த துரை ஊருக்குத் திரும்பும்போது, “நீதான் இதை வைத்துக்கொள்ளத் தகுந்த ஆள்” என்று மாமாவிடம் தந்துவிட்டுப் போனாராம். கல்யாண வீடுகளில் வெளிப்புறப் படமெல்லாம் மாமா இதில்தான் எடுப்பார். 1971-ல் நடந்த என் அம்மாவின் கல்யாணத்திலும் இதுதான். அந்த ஆல்பத்தில் ஒரு படத்தால் குடும்பமே இரண்டானது வேறு கதை. மண்டபத்து வாசலில் எல்லோரும் நிற்கும் படத்தில் பெரியம்மா ஓரத்தில் பாதிதான் இருப்பார். ஒரு கண், அரை ஒட்டியாணம். கூடப்பிறந்த அண்ணனே தன்னை வேண்டுமென்று வெட்டிவிட்டான் என்று பெரியம்மா பல ஆண்டு மாமா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

சந்தேகம் முதலில் விரல் நுனியில் வந்தது. சுருளைச் சுற்றும் திருகு கரகரவென்று மணல் அரைத்தது. லைக்காவைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லும் வழவழப்பு இதில் இல்லை. இரண்டாவது, நெற்றியில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு டேப். மின்கம்பிக்குச் சுற்றுவார்களே, அது. ஐம்பது வருடத்தில் உலோகத்தோடு உலோகமாக இறுகியிருந்தது. அடிபட்ட இடத்தை மறைக்க ஒட்டியிருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

லென்ஸைத் திருகிக் கழற்றினேன். வாய்க்குள் மேற்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். தூரம் பார்க்கும் கருவியை லென்ஸோடு இணைப்பது அதுதான். லைக்காவில் அதன் முனையில் உருளும் குட்டிச் சக்கரம் இருக்கும். இதில் சக்கரம் இல்லை. ஆப்பு போல் செதுக்கிய கெட்டி உலோகம். மனம் கொஞ்சம் இறங்கியது. பஞ்சில் நீலகிரித் தைலத்தைத் தொட்டு டேப்பின் ஓரத்தில் வைத்து, ஊறவிட்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். அரைமணி நேரம். அடியில் மூன்றே எழுத்து. நடுவில் கோடு கிழித்த வட்டம் ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆங்கில ஈ ஒன்று, ஒரு சுழிப்பு. கீழே ஆறு இலக்க எண். ஜெர்மன் இல்லை, ரஷ்ய எழுத்து. ஃபெட்.

அந்த மூன்று எழுத்தும் ஓர் ஆளின் பெயர்: ஃபெலிக்ஸ் எத்முந்தவிச் ஜெர்ஜின்ஸ்கி. சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கியவர். போலீஸ்காரர் பெயர் காமிராவில் எப்படி ஏறியது என்று தேடினால், வழி உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்குப் போனது. உள்நாட்டுப் போரில் அநாதைகளாகித் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக அங்கே அவர் பெயரில் ஒரு தொழிற்பள்ளி நடந்தது. கல்வியாளர் மகரென்கோவின் பொறுப்பில் வளர்ந்த இடம். அந்தப் பிள்ளைகள் முதலில் துளைபோடும் மின்கருவி செய்தார்கள், அதுவும் ஓர் அமெரிக்கச் சரக்கைப் பார்த்துச் செய்ததே. 1932-ல் ஜெர்மனியில் லைக்கா II வெளியானது. அதே ஆண்டு அதைப் பிரித்துப் பார்த்து மாதிரிகள் செய்தார்கள். 1934-ல் தொடர் உற்பத்தி. பதின்ம வயதுப் பிள்ளைகள் நுணுக்கமான லென்ஸும் திரையும் பூட்டியிருக்கிறார்கள் என்பதை என்னால் லேசாகத் தாண்டிப்போக முடியவில்லை. அந்தக் கரகரப்பை இனிக் குறையென்று சொல்ல நாக்கு கூசியது. போருக்குப் பின் சாதாரணத் தொழிற்சாலையாக அது தொடர்ந்தது. என் கையிலிருப்பது 1950-களின் முற்பகுதியைச் சேர்ந்தது.

நெய்வேலிக்கு இது வந்த வழியும் அப்போது பிடிபட ஆரம்பித்தது. அங்கே இரண்டு நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். சுரங்கத்தில் மண் அள்ளிய சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல் மின் நிலையமோ சோவியத் உதவியில் கட்டியது. மாமாவின் கதையில் துரை சுரங்கத்திலிருந்து வந்தார். காமிரா வந்ததென்னவோ மின் நிலையத்திலிருந்து.

இதற்கிடையில் பழைய காமிரா வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “டேப்பை ஏன் சார் பிரிச்சீங்க?” என்றார். மூவாயிரத்துக்கு மேல் தேறாதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, பெயரைத் தேய்த்து லைக்கா என்று வெட்டி, கழுகுச் சின்னம் போட்டு, பித்தளை மினுக்கி, ‘1936 பெர்லின் ஒலிம்பிக்’ என்று பொறித்துவிட்டால் வாங்க ஆள் இருப்பதாகச் சொன்னார். அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்கப் பழம்பொருள் சந்தையில் இப்படிப் பொன்முலாம் பூசிய ஃபெட்டுகள் திரிகின்றன. மாமாவின் டேப் இதைவிட எவ்வளவோ மேல், எதையும் அழிக்கவில்லை. காமிராவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவிடம் லேப் பையனாகச் சேர்ந்தவர் இப்போது வடலூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது. காமிராவை மேசையில் வைத்ததும் கண்ணாடியைத் தேடவில்லை.

“டேப்பை எடுத்துட்டீங்களா தம்பி? ரஷ்யாக்காரர் ஒருத்தர் குடும்பத்தோட படம் எடுத்துக்க வருவாரு. கணக்குல பாக்கி நின்னுபோச்சு. ஊருக்குக் கிளம்பறப்ப இதைக் குடுத்துட்டுப் போனாரு.”

“அப்ப ஜெர்மன் துரை?”

“கல்யாண வீட்ல இது லைக்காவான்னு கேப்பாங்க. முதலாளி இல்லேன்னு சொல்லமாட்டாரு. லைக்கான்னா அஞ்சு ரூபா கூட. ஒருதடவை ஆமான்னு சொல்லியாச்சு, அப்புறம் துரை இல்லாம எப்படி?”

என் பையிலிருந்த இல்ஃபோர்ட் சுருளை வாங்கினார். இந்தக் காமிராவுக்குப் பின்கதவு கிடையாது. அடித்தட்டைக் கழற்றிக் கீழிருந்து சொருகவேண்டும். இப்போதைய சுருளின் நாக்கு குட்டையானது, அப்படியே போட்டால் உள்ளே கிழிந்து சிக்கிக்கொள்ளும். கத்தரிக்கோல் கேட்டார். கட்டைவிரலையும் சேர்த்துக் கையகலம் அளந்து, பாதி அகலத்தை நீளமாக வெட்டி, முடியும் இடத்தில் கோணமில்லாமல் வளைத்தார். துளையின் நடுவே வெட்டு விழாமல் பார்த்துக்கொண்டார். சொருகி, சுற்றி, காதருகே வைத்துக் கேட்டு, “ஏறுது” என்றார்.

மந்தாரக்குப்பம் போய் அத்தையைத் திண்ணையில் உட்காரவைத்துச் செங்குத்தாக ஒரு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அத்தையின் தலைக்கு மேலே மிளகளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அடுத்த படத்திலும் அதே இடத்தில். படுக்கைவாட்டில் எடுத்தவற்றில் பொட்டு இடது ஓரத்துக்கு வந்திருந்தது. முப்பத்தாறிலும் பொட்டு.

மறுபடி வடலூர். பிரிண்ட்டைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

“இதுவா! தைப்பூசத்துல வந்தது. எழுபதாம் வருஷம்னு நினைக்கிறேன். ஞானசபைக்கு எதிர்ல, கூட்டம் தாங்கல. ஏழு திரை விலக்கி ஜோதி காட்டறப்ப முதலாளி கும்பிடணும்னு காமிராவைத் தூண் மேல மல்லாத்தி வச்சுட்டாரு. மூடி போடல. நல்ல வெயில்.”

லைக்கா வகைக் காமிராக்களில் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது ரப்பர் பூசிய துணித் திரை. சூரியனை நேராகப் பார்க்க வைத்தால், சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்துவோமே, அதேதான் உள்ளே நடக்கும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனில் கரி குழைத்து மாமா அடைத்துப் பார்த்தாராம். சில மாதம் நிற்கும், மறுபடி உதிரும்.

“அப்புறம் எப்படிக் கல்யாணத்துக்கெல்லாம் எடுத்தாரு?”

“பிரிண்ட் போடறப்ப இடது பக்கம் ஒரு விரக்கடை வெட்டிருவாரு. நான்தான் வெட்டுவேன்.”

யாஷிகா இருபத்திரண்டாயிரத்துக்குப் போனது. பென்டாக்ஸைக் காட்சித் தொடர்பியல் படிக்கும் ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். பஞ்சை நானே மாற்றிக் கொடுத்தேன். லட்சம் வரவில்லை, மீதியை நாங்கள் பிள்ளைகள் பங்கு போட்டோம். வாகீஸ்வரியை அத்தை விடவில்லை, அதன்மேல் தொலைபேசி இருக்கிறது. க்ளிக்கும் இந்து டப்பாவும் கேட்பாரில்லாமல் என்னோடு வந்தன. ஃபெட்டை விற்கவில்லை.

பெரியம்மாவுக்கு எண்பது நடக்கிறது. கையில் காமிராவையும் புதுப்படத்தையும் கொடுத்து, பொட்டைக் காட்டி, தைப்பூசத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஓட்டையாம் ஓட்டை. வலது பக்கம் நின்னவங்க ஒருத்தி கூட வெட்டுப்படலையே” என்றார்.