பரேலில் ஒரு மிருக வைத்தியசாலை

மும்பைக்கு முதன்முறையாக வரும் நம் உறவினர்கள் காண விரும்பும் இடங்கள் சில உண்டு. கேட்வே ஆஃப் இந்தியாவைக் காண்பார்கள். மகாலட்சுமி கோவிலுக்குச் செல்வார்கள். மாதுங்காவில் காப்பி அருந்தி, ஊர் நினைவைச் சற்றே தணித்துக்கொள்வார்கள். பரேலைப் பார்ப்பதற்கென்று எவரும் வருவதில்லை. இங்கே வருகிறவர் வேலைக்கு வருவார். அன்றேல் நோய்க்கு வருவார்.

நான் வேலைக்கு வருகிறவன். 1879-இல் தொடங்கிய பரேல் ரயில்வே பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தா. ‘பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக வைத்தியசாலை’ என்னும் பெயர்ப் பலகையைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதனுள் எனக்கும் ஒருநாள் வேலை இருக்கும் என்று எண்ணியதில்லை. கறுப்பியின் பொருட்டு அந்த நாள் வந்தது.

கறுப்பி எங்கள் வீட்டு நாய். விலை கொடுத்து வாங்கியது அன்று. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், மாதுங்கா ரயில்வே குடியிருப்பின் மாடிப்படியின் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிடலாம் என்றேன். அனுப்பவில்லை. இரவுப் பணி முடிந்து நான் திரும்பும்போது கதவு தட்டுமுன்னே எழுந்து நிற்கும் ஒரே ஜீவன் அதுதான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் கறுப்பி உணவை வெறுத்தது. குடம் குடமாய் நீர் குடித்தது. குடித்ததை வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் பின்புறத்தில் சீழ் கசிந்தது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். கருப்பையில் சீழ் கோத்திருக்கிறது, அறுவை செய்து அகற்றாவிடில் பிழைக்காது என்றார்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, அறுவை, ஐந்து நாள் படுக்கை ஆகிய எல்லாம் சேர்த்து ரூ. 48,000 என்று கணக்கிட்டுக் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

அப்போது எங்கள் சேமிப்பில் இருந்தது ரூ. 30,000. அதுவும் அம்மாவின் கண்புரை அறுவைக்காக எடுத்து வைத்தது. மாதக் கடைசியில் திருநெல்வேலியில் செய்வதாக ஏற்பாடு.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை எழுந்தது. “கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போடுங்கள்” என்றாள் மகள். “எங்கேனும் மீன் சந்தை ஓரமாக விட்டுவிட்டு வாருங்கள், அதன் விதி அதற்கு” என்றார் பக்கத்து வீட்டு அன்பர். வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர் அறியார். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அது ஆகாது.

ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பசுவுக்கு நோய் வந்து, அம்மா தன் கம்மலை அடகு வைத்து வைத்தியம் பார்த்ததுண்டு. அதை நினைவூட்டினேன். அம்மா சற்று நேரம் மௌனமாக இருந்தாள்.

“பசு பால் கறந்து கடனை அடைச்சுதுல்லா? உன் கறுப்பி எதைக் கறந்து அடைக்கும்?” என்றாள். பிறகு, “என் கண்ணு கெடக்கட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றும் சொன்னாள். முதலில் சொன்னதைவிடப் பின்னர்ச் சொன்னதே என்னை வருத்தியது.

இரவு நானும் மனைவியும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். அம்மாவின் கண்ணுக்கான பணத்தைத் தொடுவதில்லை. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை. தீபாவளிச் செலவைக் குறைத்து, கைமாற்று கொஞ்சம் சேர்த்தால் ரூ. 12,000 வரை முடியும் என்று எழுதினோம். அந்த எண்ணின் கீழே மனைவி ஒரு கோடு கிழித்தாள். கோடு கிழித்ததும் அவள் கண் கலங்கியது. ஓர் உயிருக்கு விலை போட்டுவிட்டோம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. விடிந்ததும் வாடகைக் காரில் கறுப்பியைக் கிடத்திக்கொண்டு பரேலுக்கு வந்தோம்.

அந்த வைத்தியசாலையின் வரலாறு சுவையானது. 1832-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டு, கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் காவலருக்குக் கொடுத்தது. எட்டணாவின் ஆசையால் வீட்டு நாய்களும் அடிபட்டன. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்தெழுந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. அதன்பின் 1834-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய செல்வர்கள் புலேஷ்வரில் பாஞ்சராப்போல் என்னும் பிராணிகள் காப்பகத்தை நிறுவினர். அதன் செலவுக்கென வணிகர்கள் தம் வியாபாரத்தின்மேல் தாமே மகமை விதித்துக்கொண்டனர். 1874-இல் மிருக வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. பஞ்சாலை அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால், அவர் மனைவி சக்கர்பாயின் பெயரில் இவ்வைத்தியசாலை 1880-களில் எழுந்தது. 1886-இல் இங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கிற்று. எட்டணாவுக்கு நாயைக் கொன்ற ஊர், ஏறக்குறைய ஐம்பது ஆண்டில் நாய்க்கும் மாட்டுக்கும் ஆஸ்பத்திரி கட்டிய கதை இது.

உள்ளே மரநிழல் இருக்கிறது. நாங்கள் சென்ற காலையில் ஒரு பெண் பூனையைக் கூடையில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். ஒரு சிறுவன் சிறகொடிந்த புறாவுடன் நின்றான். கை நிறைய மோதிரம் அணிந்த ஒருவர் வெள்ளை நாயுடன் எங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. அவருடைய நாய்க்குப் பதினான்கு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது. தினந்தோறும் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் பதினைந்து நாள் இருக்கலாம் என்றார் வைத்தியர். பெரியவர் மராத்தியில் ஒன்றே கேட்டார்: “வலி தீருமா?” தீராது என்றார் வைத்தியர். பெரியவர் தலையை அசைத்தார். அமைதியாக உயிர் பிரிய ஊசி போடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நாயின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கஞ்சர் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றியிராது.

எங்கள் முறை வந்தபோது நானும் அதையே கேட்டேன். “இதற்கு ஏழு வயதுதானே? இருதயம் நன்றாயிருக்கிறது. அறுவை செய்தால் வலியும் தீரும், ஆயுளும் உண்டு” என்றார் வைத்தியர். எங்கள் கையிலுள்ள தொகையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அவசியமான பரிசோதனைகளை மட்டும் எழுதினார். அன்றே அறுவை நடந்தது.

மறுநாள் பகலுணவு வேளையில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு கறுப்பியைப் பார்க்கப் புறப்பட்டேன். வழியில் டாட்டா புற்றுநோய் மருத்துவமனைப் பக்கத்து நடைபாதை. வெளி மாநிலங்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வந்து, தங்க இடமின்றி, பாயும் பாத்திரமுமாய்ப் படுத்திருக்கும் குடும்பங்களை அங்கே எந்நாளும் காணலாம். தலைமயிர் உதிர்ந்த ஒரு சிறு பெண் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். இது நாய்க்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையை அவள் தாயிடம் கொடுத்துவிட்டு, வேறு வாங்கிக்கொண்டு போனேன். அதனால் என் கூச்சம் தீர்ந்துவிடவில்லை. நாய்க்குச் செலவிடும் ஒவ்வொருவனும் அந்த நடைபாதை வழியே ஒருமுறை நடக்க வேண்டும். ஆனால் கறுப்பியைச் சாகவிட்டிருந்தால் அச்சிறுமிக்கு ஒரு பிடி சோறு கூடியிராது என்பதும் உண்மை. இதே பரேலில் பெட்டிட் மிருகங்களுக்குக் கட்டினார். மற்றையோர் மனிதர்க்குக் கட்டினர். ஒன்று எழுந்ததால் மற்றொன்று குறையவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். கார் வாடகை உட்பட எல்லாச் செலவும் கோட்டுக்குள் அடங்கி, ரூ. 1,400 மிஞ்சியது. அம்மாவின் கண் அறுவையும் குறித்த நாளில் நடந்தது.

தையல் பிரித்தபோது வைத்தியர் சொன்னது என் மனத்தில் தைத்தது. குட்டி வளர்ந்தவுடன் கருத்தடை செய்திருந்தால் இந்நோய் வந்தே இராது, செலவும் சொற்பமே. அந்த நாளில் ‘எதற்கு வீண் செலவு’ என்று தள்ளிப்போட்டவன் நான்தான். பரேலிலேயே உள்ள ஹாஃப்கின் நிலையம் நினைவுக்கு வந்தது. 1897-இல் பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்த மேதையின் பெயரால் வழங்குவது அது. வருமுன் காப்பதை அந்தப் பேட்டையில் தினமும் பார்த்துக்கொண்டே நான் கற்கவில்லை.

ஆதலால் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சில சொல்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். அந்நோய் வெளிப்பட்டபின் நாய்க்கும் மருந்தில்லை, கடியுண்டு நோய் கண்ட மனிதனும் பிழைப்பது மிக அரிது. கருத்தடையை ஒத்திப்போடாதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரையை நீங்களே கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாரசிட்டமால் நஞ்சு. பெரிய செலவு வந்தால் முதலில் கல்லூரி மருத்துவமனைகளிலும் தரும மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள். கல்கத்தாவில் பெல்காச்சியா, சென்னையில் வேப்பேரி, பறவைகளுக்கு டில்லிச் செங்கோட்டை எதிரே சமணர் நடத்தும் வைத்தியசாலை என்று ஊருக்கொன்று உண்டு. உங்கள் வரம்பை நோய் வருமுன்பே குடும்பத்தோடு பேசிக் கோடு கிழித்துவிடுங்கள். அது அன்பின்மை அன்று. வைத்தியரிடம் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேட்க மறவாதீர்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது கறுப்பியின் பெயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. சம்பள நாளன்று அதில் இருநூறு ரூபாய் போடுகிறோம். கண்கட்டு அவிழ்த்த அன்று அம்மா தொலைபேசியில் அழைத்தாள். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னபின், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அது சாப்பிட்டுதா?”