சலாம் வரிசை

சிலம்பம் பயில்வோர் கம்பைக் கையிலெடுத்ததும் முதலில் செய்வது அடியுமன்று, தடுப்புமன்று. ஆசானையும் அவையையும் எதிர்நிற்பவரையும் வணங்கும் ஒரு வரிசை அது. அதற்குச் 'சலாம் வரிசை' என்று பெயர். தமிழரின் வீரக்கலையொன்றின் வாசலிலே ஓர் அரபுச் சொல் நின்று வரவேற்கிறது. அரபும் தமிழும் ஓதிக்கொடுத்தே ஐம்பதைக் கடந்துவிட்ட நாம், இதை நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

2026ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் புதுச்சேரிச் சிலம்ப ஆசான் பழனிவேல் அவர்களின் பெயர் இடம்பெற்றது. ஆங்கிலப் பட்டியலில் அது 'பஜனிவேல்' என்று படிக்கும்படி இருந்ததால், வெளியூர் அன்பர் ஒருவர் யாரோ வடநாட்டவர் என்று எண்ணிவிட்டார். ழகரத்தை 'ஜே' என்னும் எழுத்தால் குறித்த பிரெஞ்சுக்கால வழக்கின் எச்சம் அது என்று விளக்கினோம். அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோரும், அரபில் இல்லாத அவ்வொலிக்காக ஓர் எழுத்துக்குப் புள்ளி சேர்த்துப் புதிய எழுத்தே படைத்துக்கொண்டார்கள் அல்லவா!

மகிழ்ச்சியோடு பேசி முடித்த பின்னர் உள்ளம் கனத்தது. வேறொரு பெரியவரின் முகம் நினைவில் எழுந்ததே காரணம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வம்பாகீரப்பாளையத்தில் முதிய சிலம்ப வாத்தியார் ஒருவர் இருந்தார். அஸருக்குப் பின் கடலோரத் திடலில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக் கொடுப்பார். முல்லா வீதிப் பக்கத்திலிருந்து நம்மிடம் ஓதவந்த பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனும் அவரிடம் பயின்றான். ஒருநாள் அவன் தாமதமாக வந்தான். வாசலில் சாத்தியிருந்த கம்பைக் கண்டு நாம் சினந்தோம். "கிதாபு பிடிக்கும் கைக்குக் கம்பு எதற்கு?" என்று அதட்டினோம்.

மறுநாள் வாத்தியாரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கு வெளியே நின்றார்.

"ஹஜ்ரத், பையனுக்குக் காலடி நல்லா வருது. வாரத்துல ரெண்டு நாள் எனக்கு விடுங்க. உங்க ஓதல் கெடாம நான் பார்த்துக்கறேன்."

அவருக்குத் தேநீர் தந்தோம்; இணக்கம் தரவில்லை. "சரிங்க ஹஜ்ரத்" என்று நெற்றியில் கைவைத்து சலாம் சொல்லிச் சென்றார். மாணவன் கீழ்ப்படிந்தான். பின்னர் கம்பைத் தொடவேயில்லை.

நாம் மறுத்தது இன்னதென்று அன்று அறியோம். கம்பு, பயில்பவனின் நெற்றியளவு உயரமுள்ள மூங்கில். தொடக்கத்தில் காலடியே பாடம். கால் போகும் வழியறிந்த பின்னரே கை வீசும். அடிக்கும் முறையோடு, அடிபட்டவனைத் தேற்றும் வர்மமும் அறிந்த ஆசான்கள் உண்டு. கடைசிப் பாடங்களைக் குணம் சோதித்த பின்னரே தருவார்கள். ஓர் உஸ்தாத் தம் மாணவனைப் பல்லாண்டு பார்த்துத் தகுதியறிந்து இஜாஸத் வழங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'ரியாளத்' என்னும் அரபுச் சொல் உடற்பயிற்சிக்கும் உரியது, உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சிக்கும் உரியது. இப்பொருளிரண்டையும் மாணவர்களுக்கு எழுதிப்போட்ட அதே கையால்தான் ஒன்றைத் தடுத்தோம்.

கொரிய நாட்டில் தேக்கியோன் என்றொரு பழங்கலை உண்டு. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1910–1945) அது அழிவின் விளிம்புக்கே சென்றது. இளமையில் கற்றதைச் சோங் தோக்கி என்னும் முதியவர் காத்து வைத்திருந்தார். 1983இல் அரசு அக்கலையைத் தேசியச் செல்வமாக அறிவித்தபோது அவருக்கு வயது தொண்ணூறு. 1987இல் அவர் மறைந்தார். அதற்குள் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்துவிட்டார்கள். 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தேக்கியோன் ஏறியது. விறகைக் குறிக்கும் 'ஹதப்' என்ற சொல்லோடு வேருறவுடைய 'தஹ்தீப்' என்னும் எகிப்தியக் கம்பாட்டமும் 2016இல் அப்பட்டியலில் சேர்ந்தது. நம் சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆயினும், பட்டியல் ஒரு கலையைப் பெருமைப்படுத்தலாமேயன்றி, அதைக் கற்பிக்க இயலாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றால்தான் அது வாழும்.

அம்மாணவன் இன்று பிரான்சில் பணிபுரிகிறான். சென்ற முறை ஊர் வந்தபோது நம்மைக் காணவந்தான். பேச்சினிடையே, "ஹஜ்ரத், வாத்தியார் தம்முடைய கடைசிப் பாடத்தை யாருக்காவது கொடுத்தாரா?" என்று கேட்டான். வாத்தியார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நம்மிடம் விடையில்லை. அவன் குரலில் குறையேதுமில்லை. அதுவே நம்மை வருத்தியது.

இப்போது வாரத்தில் இரு நாள்கள் அஸருக்குப் பின் நாம் பாடம் நடத்துவதில்லை. அந்நாள்களில் வாசல் மூலையில் நான்கைந்து கம்புகள் சாத்தியிருக்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் கிதாபை மூடிவைத்து, நமக்கொரு சலாம் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். அந்தச் சலாம் நமக்குரியதன்று. வம்பாகீரப்பாளையத்து வாத்தியாருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி.