சூட்டில் தோன்றும் குற்றம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு நண்பர்கள் பணித்தனர். புலமை சான்ற பொருள்களை அறிஞர்கள் எழுதுவர். யான் எழுதப் புகுவதோ ஒரு பழைய மோட்டார் வண்டியின் நோயைப் பற்றி. ஆயினும், அந்நோயைக் கண்டறியும் வழி நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திற் பெற்றதாதலின், அதற்கு இம்மலரில் இடமுண்டெனக் கருதுகின்றேன்.

1974ஆம் ஆண்டிலே யான் கிளிநொச்சியில் ஆசிரியனாயிருந்தேன். என்னிடமிருந்த பழைய ஆங்கிலேயக் கார் காலையில் ஒரே சுழற்சியிற் புறப்படும். ஏழெட்டு மைல் ஓடியபின் இருமும்; பின் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் அறியாததுபோல மீண்டும் ஓடும். மும்முறை கராஜுக்குக் கொண்டு சென்றேன். மெக்கானிக் முதன்முறை காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார். மறுமுறை பெற்றோல் பம்பைப் புதுப்பித்தார். அவர் கைவைக்கும் வேளையில் இயந்திரம் எப்போதும் ஆறியே இருந்தது. மூன்றாம் முறை, "வண்டியிலே ஒரு பிழையும் இல்லை, மாஸ்டர். ஓடுகிற முறையிலேதான் ஏதோ பிழை" என்றார். யானும் அதனை நம்பினேன்.

ஒருநாள் நண்பகலில் என் தந்தையாருக்கு நெஞ்சுவலி கண்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு விரைந்தேன். ஆனையிறவு வெளியில், ஒதுங்க ஒரு மரநிழலும் அற்ற இடத்தில், கார் நின்றது. வியர்த்து வெளிறிய முகத்துடன் அவர், "பதறாதை தம்பி, ஆறட்டும்" என்றார். அவ்வழியே வந்த லொறியொன்று எங்களை ஏற்றிச் சென்றது. தந்தையார் உயிர் தப்பினார். ஆனால் அவ்வெளியிற் காத்துநின்ற கணங்கள் இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நாலாம்நாள் காரை எடுக்கச் சென்றபோது அது உடனே புறப்பட்டது. அப்பொழுதுதான் எம் பௌதிக ஆசிரியரின் வாக்கு நினைவில் எழுந்தது: குற்றம் எந்நிலையில் தோன்றுகின்றதோ அந்நிலையிலேயே ஆராய்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. காரைத் திருத்த முயலாது, அது நிற்கும்வரை வேண்டுமென்றே ஓட்டினேன். பளைக்கு அண்மையில் நின்றது.

உடன்வந்த மாணவன் கைபிடியாற் சுழற்ற, காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிப் போத்தலிற் பிடித்தேன். பெற்றோல் தாராளமாக வந்தது. ஆகவே, சூட்டினாற் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைத்தது என்ற ஐயம் நீங்கியது. குழாயைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்து உலரவிட்டபின், பிளக் கம்பியின் முனையை இயந்திரத்தின் இரும்புக்குக் கால் அங்குலம் எட்டப் பிடித்தேன். மங்கிய மஞ்சட்பொறி ஒன்று தோன்றி மறைந்தது. மெக்கானிக்குகள் கொயில் என வழங்கும் தூண்டற் சுருளைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. ஈரத்துணியை அதன்மேற் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தேன். வேறெதனையும் தொடவில்லை. இப்போது பொறி நீலமாய்ப் பாய்ந்தது, காரும் புறப்பட்டது.

அச்சுருளினுள்ளே மயிரிழையன்ன செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக அமைந்துள்ளது. அதன் காவலி ஓரிடத்தில் நைந்திருந்தால், சூடேறும்போது மின் அங்கே ஒழுகிவிடும், பிளக்கைச் சென்றடையாது. ஆறியதும் குற்றம் மறைந்துவிடும். கழற்றிய சுருளை மெக்கானிக் மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அது நல்ல பொறியே தந்தது. அவர் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, "அப்ப நான்தான் பிழை விட்டிட்டன், மாஸ்டர்" என்றார். பிழை அவருடையது மட்டுமன்று. ஓடும்போது கூடவிருந்து கண்டவன் யான் அல்லனோ?

இன்றைய கார்களிலுள்ள கணினி, குற்றத்தைப் பதியும்போது அக்கணத்தில் இயந்திரத்தின் வெப்பநிலை யாது என்பதையும் சேர்த்தே பதிந்துவைக்கின்றது. எம் ஆசிரியர் வெண்கட்டியுங் கையுமாய் நின்று போதித்ததும் அதுவேயன்றோ!