திரும்பாத மொய்

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வருகிறது என்று, பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அண்ணி புலம்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் அவளே சொன்னாள்: "குடிச்சா போகணும் சித்தப்பா. போறதுக்கு எடமில்ல."

நான் படித்த அதே பள்ளிக்கூடம்தான். 214 பெண் பிள்ளைகள், நான்கு கழிப்பறைகள். அதில் இரண்டுக்குக் கதவில்லை. மாலையில் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். கொத்தனார் வேலை தெரிந்த ஒருவன் அங்கேயே சுவரில் கரிக்கட்டையால் கணக்குப் போட்டான். ஆறு கழிப்பறை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கைகழுவும் மேடை எல்லாம் சேர்த்து 6,20,000 ரூபாய். சங்கத்தின் கையிருப்பு 11,300.

என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் என்பதற்காக அல்ல. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கிற மொய் விருந்துகளில் மொய் எழுதப் போகிறவன் நான். பத்துப் பைசா தவறாதாம்.

ஜூன் 15, ஞாயிறு

"என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?" என்று கேட்டதுதான் தப்பு. எட்டுப் பேர் பதினோரு யோசனை சொன்னார்கள்.

கபடிப் போட்டி முதலில் விழுந்தது. ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் நாற்பது அணி வந்தால் 20,000. முதல் பரிசே 30,000 வைத்தால்தான் நல்ல அணி வரும். பரிசுத் தொகைக்கு நன்கொடை கேட்டு நாம் தெருத்தெருவாக அலைய வேண்டும். மினி மாரத்தான் என்றார் கோவையில் வேலை பார்க்கிற ஒருவர். பனியன், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று ஆளுக்கு 350 ரூபாய் போனால் 500 ரூபாய் கட்டணத்தில் என்ன மிஞ்சும்? அதுவும் எங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்கள் பால்காரரும் அவரைத் துரத்துகிற நாயும்தான்.

குலுக்கல் கூப்பன் அடிக்கலாம், முதல் பரிசு மோட்டார் சைக்கிள் என்றான் மாப்பிள்ளை ஒருவன். நிறைய கைகள் உயர்ந்தன. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்கிற சட்டமோ 1979-லேயே வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தூக்கிய கைகள் இறங்கின.

ஜூன் 22, ஞாயிறு

இன்னிசைக் கச்சேரி என்பதை மட்டும் யாரும் விடுவதாக இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவும் அதே கட்சி. "எம்.எஸ். அம்மா கச்சேரி பாடியே எத்தன காரியத்துக்குப் பணம் சேத்துக் குடுத்தாங்க" என்றார். உண்மைதான். 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது பொதுத்தொண்டுப் பிரிவில்தான். ஆனால் எம்.எஸ். அந்தக் கச்சேரிகளை அறக்காரியத்துக்கென்றே பாடிக் கொடுத்தவர். நமக்கு வருகிற இசைக்குழு முன்பணம் வாங்காமல் வேனில் ஏறாது.

வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த பழைய நோட்டை எடுத்தேன். பத்து வருஷத்துக்கு முன் நூலகத்துக்காக நாங்கள் வைத்த கச்சேரி. வரவு 1,86,000. செலவு 1,71,000. மேடை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு, லாட்ஜ், கடைசி வரியில் "சால்வை 14". மிஞ்சிய 15,000-க்கு இரண்டு பீரோ வாங்கினோம். புத்தகம் வாங்கப் பணமில்லை. ஊரே ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆடியது. நிகழ்ச்சி அமோக வெற்றி என்றுதான் இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. இசைக்குழுவைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஜூன் 25, புதன்

தலைமையாசிரியர் ஐயா கடைக்கே வந்துவிட்டார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியவை. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டுவிடுவார்களாம். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், மணி, சுற்றுச்சுவர். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். "எங்கப்பாவால மணிதான் முடிஞ்சுது. ஆனா சாகுற வரைக்கும் மணியடிச்சா காது குடுத்துக் கேப்பாரு."

ராத்திரி உட்கார்ந்து 6,20,000-ஐ உடைத்தேன். கதவு ஒன்று 4,500. பீங்கான் ஒன்று 2,800. ஆயிரம் லிட்டர் தொட்டி 7,500. சிமெண்டு மூட்டை, செங்கல் ஆயிரம், ஓடு ஒரு பெட்டி. கடைசியில் தாழ்ப்பாள் 90 ரூபாய். ஆறு லட்சம் என்றால் எனக்கே மலைப்பாக இருந்தது. தாழ்ப்பாள் என்றால் என் கடைப் பையனே வாங்கித் தந்துவிடுவான்.

ஜூலை 2, புதன்

சிங்கப்பூரிலிருந்து கூடப் படித்த இருவர் வீடியோ அழைப்பில் வந்தார்கள். இருவரும் அனுப்பத் தயார். ஒருவன் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கிறான். அவன் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் சிக்கலில்லை. இன்னொருவன் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டான். பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு மூலம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவில்லாத எங்கள் சங்கம் அவனிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. "நான் இந்த ஊர்க்காரன்டா" என்றான். எனக்குத் தெரியும். ஆடிட்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

வரிக்கழிவு கேட்டவர்களும் உண்டு. எங்கள் சங்கத்துக்கு 80ஜி கிடையாது. அது வேண்டுமென்பவர்கள் அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம் என்று எழுதிப் போட்டேன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவில்லை, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை என்பதையும் சேர்த்தேன். கேட்ட ஐந்து பேரில் நான்கு பேர் புதிய வரிமுறையில் இருந்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. இன்று மொய் எழுதப் போனேன். இருபத்திரண்டு பேர் கூட்டாக வைத்த விருந்து. ஒரே பந்தல், ஒரே கறி, ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. ஒருவர் பணம் வாங்க, ஒருவர் எண்ண, நான் எழுத. இப்போது நோட்டு எண்ணும் மெஷின் இருக்கிறது, கணினியில் ரசீது வருகிறது. ஆனாலும் எழுதின நோட்டைத்தான் நம்புகிறார்கள்.

நம் பள்ளிக்கும் ஒரு மொய் விருந்து வைத்தால் என்ன என்ற எண்ணம் பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரிடம் சொன்னேன். எலும்பைக் கடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"மொய்யின்னா கடன் தம்பி. ஆயிரம் வாங்குனா ஆயிரத்தத் திருப்பணும், மேல புதுசா ஒண்ணு வெக்கணும். பள்ளிக்கூடம் எந்த விசேசத்துக்கு வந்து எனக்குச் செய்யும்?"

எழுதிக்கொண்டே யோசித்தேன். இந்தப் பக்கத்தில் தொழில் தொடங்க, கிணறு வெட்ட, பிள்ளையைப் படிக்க வைக்க வட்டியில்லாமல் கிடைக்கிற முதல் இதுதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வைக்கலாம். திருப்பாதவனை ஊர் மறக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, மொய் திருப்ப நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு தர்மம் கேட்பது சரியாக இருக்குமா? செலவையும் பார்க்க வேண்டும். நூறு கிலோ ஆட்டுக்கறியே கிலோ 850 என்றால் 85,000. போதாததற்கு ஆவணி முடிய ஒரு சமையல்காரரும் கிடைக்கமாட்டார்.

ஜூலை 21, திங்கள்

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கறியத் தின்னுட்டு வர்றவனுக்கு என்னடா வேணும்? டீதான வேணும்."

அவ்வளவுதான். கேரள வெள்ளத்தின்போது இந்தப் பக்கத்து டீக்கடையில் டீயைக் குடித்துவிட்டு முடிந்ததைப் போடச் சொல்லிச் சேர்த்து அனுப்பினார்கள். அதைத்தான் அத்தை ஞாபகப்படுத்தினார். மத்தியானம் நான்கைந்து ஊரில் கறி விருந்து நடக்கிற ஞாயிற்றுக்கிழமை, எல்லா வண்டியும் திரும்புகிற நாலு மணிக்கு, சாலையோரத்துப் பள்ளி வாசலில் டீ. சமையல்காரர் வேண்டாம், பந்தல் வேண்டாம், தேதிப் போட்டியும் இல்லை. பால் அத்தை வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும். சர்க்கரை மளிகைக்கடைக்காரர் பொறுப்பு.

பெரியவரின் கேள்விக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே பதில் எழுதிவிட்டேன். "இது திரும்ப வராத மொய்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்து கூட்டம். கொடுக்கிறவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கலாமா என்பதில் இரண்டு மணி நேரம் சண்டை. வாசித்தால் ஐயாயிரம் பத்தாயிரமாகும் என்றார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஆகத்தான் செய்யும். ஆனால் கூலிவேலைக்குப் போகிற அம்மா இருபது ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு, மைக்கைப் பார்த்ததும் வரிசையிலிருந்து நழுவிப் போனதையும் இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். நமக்கு இரண்டு பேருமே வேண்டும்.

கடைசியில், மைக் கிடையாது. பொருள் பட்டியல் மட்டும் பெரிய பலகையில். எந்தப் பொருளை யார் ஏற்றுக்கொண்டாரோ அவர் பெயர் அதன் எதிரே. உண்டியலில் போடுகிறவருக்குப் பெயர் கட்டாயமில்லை. தலைமையாசிரியரின் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கட்டட அனுமதி மூன்றும் வந்த பிறகுதான் பலகையை வெளியே வைப்பது என்றும் முடிவாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மூன்றரைக்கே மேகம் கட்டியது. மழை வந்தால் எல்லாம் போச்சு என்று உண்டியலை வராண்டாவுக்குள் இழுத்தோம். நல்லவேளை, தூறலோடு நின்றது.

முதல் வேன் நாலு பத்துக்கு நின்றது. பிறகு எழுதக் கை போதவில்லை. டீ ஆற்றிய பையன் ஐந்நூறுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். பந்தியில் பார்த்த பெரியவரும் வந்தார். நோட்டின் முதல் பக்கத்தை விரலால் தடவிப் படித்துவிட்டு, பலகைக்குப் போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "கதவு ஒண்ணு எழுதிக்க. பேத்தி அஞ்சாவது படிக்குறா, அடுத்த வருசம் இங்கதான் வருவா." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப இதுவும் திரும்ப வர்ற மொய்தான?"

அண்ணன் மகள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு வந்து ஆறு தாழ்ப்பாளுக்கும் பெயர் எழுதிவிட்டுப் போனாள். எல்லாம் பத்து ரூபாய்த் தாளும் சில்லறையும். 540 சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரொக்கமும் செல்போன் வழி வந்ததும் சேர்த்து 3,86,470. கப், பலகை, நோட்டீஸ் செலவு 6,140. பொருளாக ஏற்றுக்கொண்டவை 1,10,000 மதிப்பு. சிங்கப்பூரில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பன் அனுப்பியது 75,000. கையிருப்பு 11,300. எல்லாம் போக 43,370 குறைகிறது.

செப்டிக் டேங்க் குழி தோண்ட வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. பலகையில் மோட்டாரும் கைகழுவும் மேடையும் மட்டும் இன்னும் எதிரே பெயரில்லாமல் இருக்கின்றன. நோட்டு என் கடையில்தான் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும்.