கணக்கில் வராத காவலர்

உதைபந்தாட்டம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்தைக் காலால் உதைத்தல் அருகியே நிகழும். ஏந்தி ஓடுதலும் எறிந்து பிடித்தலுமே பெருவழக்கு. றக்பியைக் கண்டு பழகிய நமக்கு அது முற்றும் அந்நியமானதன்று. அணிக்கு 11 பேர். பந்தை உடைய அணி 4 முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். அவ்வணியின் மூளையாக நின்று பந்தை எறிபவரைக் குவாட்டர்பாக் என்பர். அவர் எறியுமுன்னரே அவரைப் பாய்ந்து வீழ்த்துதல் எதிரணியின் முன்வரிசையாளர் கடன். அவ்வாறு வீழ்த்துவது ‘சாக்’ எனப்படும்.

கடல் கடந்த இவ்வாட்டம் பல்கலைக்கழக ஆசிரியன் ஒருவனை ஏன் ஈர்த்தல் வேண்டும் என வினவலாம். ஆடுவோர் மாணவர், அவர்தம் உழைப்பு எண்களாக மாற்றப்படுகின்றது, அவ்வெண்களைக் கொண்டு அவர்தம் எதிர்காலம் தீர்மானிக்கப்படுகின்றது. பிறர் உழைப்புக்குப் புள்ளியிடுதலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது அயலார் செய்தியாகத் தோன்றவில்லை. ஜோர்ஜியா மாநிலத்திலே ஆய்வுப் பட்டத்துக்குப் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய ஆட்டப் பதிவுகளை விடுமுறை நாள்களிலே மீண்டும் மீண்டும் பார்த்தேன். “பந்தைப் பாராதீர்கள் சேர், முன்வரிசையைப் பாருங்கள்” என்று அவர் எழுதியிருந்தார். இக்கட்டுரை அவ்வாறு பார்த்ததன் விளைவு.

நான் பார்த்தவை ஜோர்ஜியாப் பல்கலைக்கழக அணி 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய ஆட்டங்கள். பருவத்தின் முதற் பன்னிரண்டு ஆட்டங்களிலும் அவ்வணி வென்றது. அப்பன்னிரண்டிலும் எதிரணிகள் பெற்ற புள்ளிகள் யாவும் சேர்ந்து 83 மட்டுமே; ஓர் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிதானும் இல்லை. எந்த அணியும் 17 புள்ளிக்கு மேற் பெறவில்லை. இத்தகைய காப்பு அரிதினும் அரிது.

ஆயினும் எண்கள் தாமாகப் பேசுவதில்லை. முதலாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். செப்டெம்பர் 4ஆம் நாள் கிளெம்சன் அணியை ஜோர்ஜியா 10–3 என வென்றது. அன்று கிளெம்சன் ஓடி முன்னேறிய தூரம் 2 யார் மாத்திரமே எனப் பதிவு கூறும். ஓட்டத்தைத் தடுப்பதில் இவர்கள் ஒப்பற்றவர்கள் என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கல்லூரி ஆட்டங்களின் கணக்கு முறையிலே, குவாட்டர்பாக் வீழ்த்தப்படும்போது இழக்கும் தூரம் ஓட்டக் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகின்றது. தொழின்முறை ஆட்டத்தில் அது எறிதற் கணக்கிற் கழிக்கப்படும். அன்று கிளெம்சனின் குவாட்டர்பாக் 7 முறை வீழ்த்தப்பட்டார். எனவே அந்த ‘2’ என்னும் எண்ணின் ஒரு பகுதி, எறிபவரை நோக்கிய பாய்ச்சலின் அறுவடையாகும்.

இனி, வீழ்த்தியவரின் பெயரால் எழுதப்படும் எண்ணிக்கைதானும் முழுமையானதா? எறிபவரைக் காக்க ஐவர் நிற்பர். நால்வரே பாய்ந்து அவரை நெருக்க முடியுமாயின், எஞ்சிய எழுவரும் பந்தைப் பிடிக்க ஓடுவோரைக் காவல் செய்யலாம். ஐந்தாமவரையும் ஆறாமவரையும் பாய்ச்சலுக்கு அனுப்பினால், பின்னால் அத்தனை இடம் வெறுமையாகும். ஆகவே பாய்ச்சலை மதிப்பிடுவோர் முதலிற் கேட்கவேண்டியது, எத்தனை பேர் வீழ்ந்தனர் என்பதையன்று. எத்தனை பேரைக் கொண்டு நெருக்கினர் என்பதையே.

ஜோர்ஜியா அணியின் நடுவில் நின்றவர் ஜோர்டன் டேவிஸ். ஏறத்தாழ 155 கிலோகிராம் நிறையுடையவர். அவர் ஒருவரைத் தடுக்கப் பெரும்பாலும் இருவர் தேவைப்பட்டனர். இருவர் அவர்மேற் சென்றபோது, பக்கத்தில் நின்ற தோழர்கள் தத்தம் எதிராளியைத் தனித்துச் சந்தித்தனர். வீழ்த்திய பெருமை அத்தோழருக்குப் போயிற்று. டேவிஸின் பெயரில் அப்பருவம் முழுவதும் எழுதப்பட்டவை 2 சாக்குகளே. நல்லவேளையாக, காண்பார் கண்களும் சில இருந்தன. நாட்டின் தலைசிறந்த தடுப்பாளருக்குரிய பெட்னாரிக் விருது அவ்வாண்டு அவருக்கே வழங்கப்பட்டது.

டிசம்பர் 4ஆம் நாள் அலபாமா அணி இக்காப்பை உடைத்தது. 41–24 எனத் தோல்வி. அலபாமாவின் பிறைஸ் யங் 421 யார் தூரம் எறிந்தார். ஒருமுறையேனும் அவர் வீழ்த்தப்படவில்லை. முப்பத்தேழு நாள்களின் பின்னர், 2022 ஜனவரி 10ஆம் நாள், தேசிய இறுதியாட்டத்தில் அவ்விரு அணிகளும் மீண்டும் மோதின. இம்முறை ஜோர்ஜியா 33–18 என வென்று, 1980ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் முதன்முறையாக வாகை சூடியது. நெருக்குண்ட யங் இருமுறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். முடியுந்தறுவாயில் கீலி றிங்கோ அவ்வாறு ஒன்றைப் பற்றி 79 யார் ஓடியது வெற்றியை உறுதிசெய்தது.

முன்வரிசை திருந்தியது, அதனால் வென்றது என்று எழுதிவிடுதல் எளிது. நேர்மையான மதிப்பீடு மற்றொன்றையும் சொல்லுதல் வேண்டும். அலபாமாவின் சிறந்த பந்துபிடிப்போரில் மெற்சி முதலாட்டத்திலேயே காயமுற்று இறுதியாட்டத்தில் ஆடவில்லை. வில்லியம்ஸ் அவ்விறுதியாட்டத்தின் முற்பாதியிலேயே முழங்கால் சிதைந்து வெளியேறினார். பிடிப்பார் குறைந்தால் எறிபவர் காத்திருப்பார். அவர் காத்திருந்தால் பாய்பவருக்கு நேரம் கிட்டும். ஒருவரது ஆற்றலாகத் தோன்றுவதில் மற்றொருவரது இழப்பும் கலந்திருக்கின்றது.

இதன் தாக்கம் ஆடுகளத்தோடு நிற்பதன்று. 2022ஆம் ஆண்டு தொழின்முறை அணிகள் வீரரைத் தெரிந்தபோது, 14 சாக்குகள் பெற்றிருந்த மிச்சிகனின் எய்டன் ஹச்சின்சன் இரண்டாமவராகவே தெரியப்பட்டார். முதல்வராகத் தெரியப்பட்டவர் 6 சாக்குகளே பெற்ற ஜோர்ஜியாவின் ட்ரவொன் வோக்கர். எண்ணைத் தாண்டி ஆளைப் பார்த்தோம் என்றனர் தெரிந்தோர். முதலாண்டில் ஹச்சின்சன் 9.5, வோக்கர் 3.5; அடுத்த ஆண்டில் 11.5க்கு எதிராக 10. எண்ணை நம்பியவர் முதலாண்டில் நகைத்திருப்பர், இரண்டாமாண்டில் தயங்கியிருப்பர். கண்ணும் எண்ணும் ஒன்றையொன்று திருத்தவேண்டியவை. ஒன்றை விடுத்து மற்றொன்றை நம்புவார்க்கு இரண்டும் பொய்க்கும்.

எங்கள் துறையில் மாணவர் குழுவாகச் செய்யும் ஒப்படைகளுக்குப் புள்ளியிடும்போது இவ்வாட்டங்கள் என் நினைவில் எழுவதுண்டு. மேடையேறி முடிவுரைப்பவர் ஒருவர். ஊர் ஊராக அலைந்து தரவு திரட்டியவர் வேறொருவர். புள்ளித்தாளில் முன்னவர் பெயரே ஒளிர்கின்றது. இப்பருவம் முதல், ஒவ்வொருவரும் தம் தோழர் செய்த பணியை ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என விதித்துள்ளேன். வந்த தாள்களிலே, வகுப்பில் வாய்திறவாத மாணவி ஒருவரின் பெயர் மூன்று தாள்களில் முதலாவதாக இருந்தது. அவருக்கு எத்தனை புள்ளி இடுவது என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை; ஆயினும், எவரைப் பார்க்கவேண்டும் என்பது இப்போது தெரிகின்றது.