ஒலி வரையும் ஓவியம்

வௌவால் எதிரொலியால் வழி காண்கிறது என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தவர்களே. மருத்துவமனை ஸ்கேன் கருவியும் அந்த வித்தையைத்தான் செய்கிறது. எதிரொலி திரும்பிய நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. 1 செ.மீ. ஆழம் போய்வர 13 மைக்ரோ விநாடிதான்!

இக்கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. உடலுக்குள் எங்கும் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கருவி நம்புகிறது. கொழுப்பிலோ வேகம் ஏறத்தாழ 1450. ஆகவே 2 செ.மீ. கொழுப்புக்கு அப்பால் உள்ளது 1 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே தள்ளித் தெரியும். அது போகட்டும், கொழுப்பு ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பதே பெருந்தொல்லை. ஒரு புள்ளியின் எதிரொலிகள், கருவி முகத்தில் வரிசையாக உள்ள படிகங்களைக் கணக்கிட்ட நேரத்தில் அடையாமல் முன்பின்னாக அடைகின்றன. படம் மங்குகிறது.

என் தாயார் சற்றுப் பருத்தவர். பித்தப்பையில் கல்லோ என்று ஐயம். "உடம்பு பருமன், படம் தெளிவாக இல்லையம்மா" என்றார் மருத்துவர். அம்மா ஏதோ குற்றம் செய்தவர்போல் தலைகுனிந்தார். எனக்குச் சுருக்கென்றது. பிழை கருவியின் அனுமானத்தில் அல்லவா!

அதைத் திருத்த வழியும் உண்டு. அடுத்தடுத்த படிகங்களில் விழும் எதிரொலிகளை ஒப்பிட்டு, எது எவ்வளவு பிந்தியது என்றறிந்து சரிசெய்யும் முறையை 1988-இல் ஃபிளாக்ஸ், ஓடானல் இருவரும் வெளியிட்டனர். ஒலிவேகத்தையே மாற்றி அமைக்கும் வசதி இன்று சில கருவிகளில் இருக்கிறது.

தாளில் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்போ அந்த மெஷினுக்குத்தான் கணக்குத் தெரியலையா?" என்றார்.

அடுத்த வாரம் வேறொரு கருவியில் கல் தெரிந்தது, ஒன்றல்ல, மூன்று.